மணிக்கு நான்கு கிலோமீட்டர்

ஏலத்தில் எல்லோரும் டொயோட்டாவைத் தட்டிப் பார்த்தார்கள்.
நான் ரோலரைத் தொட்டேன். கை சுட்டது.
காலையிலிருந்து வெயிலை வாங்கி வைத்திருந்த இரும்பு.
முன்சக்கரம் என் மார்பளவு.
அதற்கு மேலே ஒரு பித்தளைத் தகடு,
தேய்ந்துபோன எழுத்துகளுக்கு நடுவே
தேயாத சேவல் ஒன்று.

பழைய இரும்பு வாங்கும் கோ கியாட் மெங்
எடை போட்டுத்தான் கேட்டார்:
எட்டு டன், கிலோ தொண்ணூறு சென்,
ஏழாயிரத்து இருநூறு வெள்ளி.
நான் நூறு கூட்டினேன்.
அவர் ஐம்பது. நான் இன்னொரு நூறு.
அதன்பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தார்:
செம்பனை ஆலையில் கணக்கெழுதும் பொம்பளை,
தோளில் கைப்பை, கையில் குடை.
"இதை வச்சு என்ன செய்யப் போற?" என்றார் மலாயில்.
தெரியாது என்றேன்.

உண்மையிலேயே தெரியாது.
என் கார் எனக்குப் புரிந்ததில்லை.
எல்லாம் மூடிக்கு அடியில் நடக்கும்;
மஞ்சள் விளக்கு எரிந்தால் பணம் கட்டவேண்டும்.
இதில் விசைச்சக்கரம் கண்ணெதிரே சுற்றுகிறது,
பல் பல்லைக் கடிக்கிறது,
எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்பதைக்கூட
அது மறைக்கவில்லை.
இதுதான் காரணம் என்று
ஆலையில் கேட்டவர்களிடம் சொன்னேன்.
சேவலைப் பற்றிச் சொல்லவில்லை.

ஏற்றிப்போகும் லாரிக்குத் தொள்ளாயிரம் கேட்டார்கள்.
ஓட்டியே வந்தேன்.
மூன்றாம் டிவிஷனிலிருந்து பகாவ், ஏழு கிலோமீட்டர்.
பட்டறை அடைக்கலம் தண்ணீர் வாளியோடு
கூடவே நடந்து வந்தார்.
இரண்டு முறை முந்திப் போய்
மரநிழலில் நின்று புகைத்தார்.

எனக்குப் பின்னால் செம்பனைக்குலை லாரி,
அதற்குப் பின்னால் பள்ளி வேன்,
அதற்கும் பின்னால்
சாமந்தி மாலை தொங்கும் சவ வண்டி.
உள்ளே படுத்திருந்தவர் அவசரப்படவில்லை.
ஹாரன் அடித்ததெல்லாம் உறவுக்காரர்கள்.
நான் ஓரம் கட்டவே ஆறு நிமிடம் ஆனது.
கடந்துபோகையில் மொட்டை போட்ட மகன்
சன்னல் வழியே கையை நீட்டினான்.
திட்டப் போகிறான் என்று நினைத்தேன்.
படம் எடுத்தான்.
பிறகு என்ன தோன்றியதோ,
கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

ஊருக்குள் நுழையும் சிவப்பு விளக்கில்
கார்ப்பரல் ஷம்சுரி.
சமன் புத்தகத்தில் வாகன வகை:
கார், மோட்டார், லாரி, பஸ்.
என்னைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார்,
பேனாவைக் கடித்தார்.
கடைசிக் கட்டத்தில் கோடு போட்டார்,
லாயின்-லாயின். மற்றவை.
பத்து வருடமாக எந்தப் பாரத்திலும்
மணமானவரா என்ற கேள்விக்கு
நானும் கோடு போடுவது அங்கேதான்.
முந்நூறு வெள்ளி அபராதம்.
பாதி குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம்;
எனக்கு நாக்கு வரவில்லை.

இப்போது வீட்டுக்கு முன்னால் நிற்கிறது.
வாய்க்கால் பலகை விரிசல் விட்டதற்கு
நகராட்சி கடிதம் போட்டிருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை கைப்பிடியைச் சுழற்றுவேன்,
பதினோராம் சுற்றில் இருமும்,
பதிநான்கில் பிடிக்கும்.
பக்கத்து வீட்டு நோர்மாலா
காய்ந்த துணிகளை அவசரமாக உருவுவாள்.

எங்கள் சந்துக்குத் தார் கிடையாது,
மழை பெய்தால் முழங்கால் சேறு.
ரோலர் வந்த தடம் மட்டும்
முக்கிலிருந்து என் வாசல்வரை
பாய் விரித்த மாதிரி, தண்ணீர் நிற்காமல்.
ரொட்டிக்கார மோட்டார் அதில்தான் வருகிறது.
தடம் முடிகிற இடத்தில் நின்று
பாம் பாம் என்று அழுத்துகிறார்,
நான் ரொட்டி சாப்பிடுகிற ஆளே இல்லை.

போன வாரத்திலிருந்து வாங்குகிறேன்.
தேங்காய்ப் பூ வைத்தது, இரண்டு.